1,000 மரம்... ஆண்டுக்கு 40! - ஏற்காடு சொல்லும் மரக் கணக்கு

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்குள் நுழைந்தால், காபித் தோட்டங்களில் நெடுநெடுவென நிற்கும் மரங்கள் கண்ணில் படும். இலையின் அடிப்பக்கம் வெள்ளியாக மின்னும். அதுதான் சில்வர் ஓக். பூர்வீகம் ஆஸ்திரேலியா.

சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர், 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன். இங்கு விளையும் அராபிகா ரகத்துக்கு நிழல் அவசியம். சில்வர் ஓக் காபிக்குக் குடை, மிளகுக் கொடிக்குக் கொழுகொம்பு, தோட்டக்காரருக்கு வங்கி டெபாசிட். முற்றிய மரம் பிளைவுட்டுக்கும் பெட்டி செய்யவும் போகிறது.

சிக்கல் அந்த டெபாசிட்டில்தான். காபி விலை சரிந்தாலோ, வீட்டில் கல்யாணம் வந்தாலோ, மொத்த மரத்தையும் ஒரே வியாபாரியிடம் பேசி முடிக்கத் தோன்றும். கை நிறையப் பணமும் வரும். ஆனால், நிழல் போன தோட்டத்தில் வெயில் நேராக இறங்கும். அராபிகாவின் பரம எதிரியான வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டுக்கு அதுதான் கொண்டாட்டம். கடுமையாகத் தாக்கப்பட்ட செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். வெட்டிய மரத்தோடு மிளகும் போச்சு!

வட்டியை எடுக்கலாம், முதலைத் தொடக் கூடாது. ஒரு தோட்டத்தில் பல வயதில் 1,000 மரங்கள். ஒரு மரம் முற்ற 25 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 40 முற்றிய மரங்களை வெட்டலாம். அவை ஒரே மூலையில் இல்லாமல், தோட்டம் முழுக்கப் பரவலாக இருக்க வேண்டும். அடுத்த மழைக்காலத்திலேயே கன்று நட வேண்டும். சில பட்டுப்போகும் என்பதால், 40-க்குக் கூடுதலாகவே நடுவது நல்லது. எல்லாமே சில்வர் ஓக்காக இல்லாமல் பலா, அத்தி, வாகை என்று கலந்து நட்டால் பறவைகளும் வரும்.

காபிப் பழம் பறித்து முடிந்து, பூ மழை வருவதற்கு முந்தைய இடைவெளிதான் வெட்ட ஏற்ற நேரம். முதலில் கிளைகளைக் கழித்து, கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தால் கீழே உள்ள செடிகள் தப்பும்.

மலை மரங்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. அது அமலில் உள்ள இடங்களில், சொந்த நிலத்து மரமானாலும் வெட்ட அனுமதி வாங்க வேண்டும். காடுகளில், அரசு ஒப்புதல் பெற்ற செயல்திட்டப்படிதான் மரம் வெட்ட வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். தோட்டத்து வரவு செலவு நோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மர நோட்டும் வேண்டும். எந்த மரம், எந்த ஆண்டு நட்டது, எப்போது வெட்டலாம் என்று அதில் எழுதி வைத்தால், அவசரத்துக்குக் கோடரி எடுக்கும் கை சற்று யோசிக்கும்.