தானியங்கிக் கதவும் அண்டை வீட்டுப் பிள்ளையும்

மின்விசையால் இயங்கும் வாசற்கதவு வாளையாறு முதல் குமுளி வரை எல்லைப்புறக் குடும்பங்களுக்கு நல்ல வசதியே. கொட்டும் மழையிலும் வண்டியைவிட்டு இறங்க வேண்டியதில்லை, முதியோருக்கும் பேருதவி. ஆயினும், பாலக்காட்டை அடுத்த மலப்புறம் மாவட்டத்தில், திரூர் அருகேயுள்ள வைலத்தூரில், 2024 ஜூன் மாதம், பக்கத்து வீட்டுத் தானியங்கிக் கதவில் சிக்கி ஒன்பது வயதுச் சிறுவன் மாண்டான். அவன் உடலைக் கண்ட பாட்டியும் மாரடைப்பால் மரித்தார்.

வழியில் ஆளிருந்தால் கதவைப் பின்வாங்கச் செய்யும் காவல், அமெரிக்காவில் கார் கொட்டகைக் கதவுகளுக்கு 1993 முதல் கட்டாயம். நாமும் சென்சார் இல்லாத கதவை வாங்காதிருப்போம். மாதமொருமுறை அட்டைப்பெட்டியைக் குறுக்கே வைத்துச் சோதிப்போம். கதவு நிற்காவிடில், பழுது நீங்கும்வரை மின்சாரத்தை நிறுத்துவோம். மின்தடையின்போது கையால் திறக்கும் முறையை வீட்டார் அனைவரும் அறிந்திருக்கட்டும். ரிமோட் சிறுவர் கைக்கு எட்டாதிருக்கட்டும்.

நம் வாசலில் நம் பிள்ளைகள் மட்டுமல்ல, அண்டை வீட்டுப் பிள்ளைகளும் நடக்கிறார்கள்.