மாடு ஒதுக்கும் கொழிஞ்சி

காஞ்சிபுரம் சேலைக்குப் பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து. பாவுக்குப் போடும் அரிசிக் கஞ்சியாவது இந்த மண்ணின் சமாச்சாரம். அந்த நெல் விளையும் ஏரிப்பாசன வயலுக்குக் காலங்காலமாகத் தழையுரம் கொடுத்த ஒரு காட்டுச்செடி இருக்கிறது. நெசவைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறோம், இந்தக் கொழிஞ்சியைப் பற்றி எழுதுவதில்லை.

ஏரிக்கரை, மேய்க்கால் புறம்போக்கு, சரளைமேடு என்று எங்கும் தானாக முளைக்கும். முழங்கால் உயரம், சில இடங்களில் இடுப்பளவு. ஒரு காம்பில் பத்துக்கும் மேற்பட்ட சிற்றிலைகள், நுனியில் ஒற்றை இலை. ஊதா கலந்த இளஞ்சிவப்பில் அவரைப்பூ போன்ற சின்னப் பூ, லேசாக வளைந்த தட்டைக் காய். சந்தேகம் இருந்தால் ஒரு சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். நேராகக் கிழியாது, நரம்புகளின் சாய்வில், அம்பின் வால்போலப் பிளந்து வரும். சித்த மருத்துவத்தில் இதற்குக் கொள்ளுக்காய்வேளை என்று பெயர். தாவரவியலில் டெப்ரோசியா பர்புரியா.

மேய்ச்சல் நிலத்தில் வளர்ந்தாலும் மாடு இதைத் தொடாது. இந்தப் பேரினத்துச் செடிகளில் ரோட்டினாய்டு எனப்படும் நச்சுப் பொருள்கள் உண்டு. இச்செடிகளை நசுக்கித் தேங்கிய நீரில் போட்டு மீனை மயங்கவைக்கும் பழக்கம் பல நாடுகளில் இருந்திருக்கிறது. ஊர் மாடெல்லாம் மேய்ந்த பிறகும் கொழிஞ்சி மட்டும் பச்சையாக நிற்கும். காவல் வேண்டாம், வேலி வேண்டாம். வெட்டிக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து சேற்றில் மிதித்தால் போதும்.

செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் சிறு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறுங்கள். உள்ளே சிவந்திருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். ரைசோபியம் பாக்டீரியாக்கள் அங்கே குடியிருந்து காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற வடிவில் மாற்றுகின்றன. தழை மக்கும்போது அந்தச் சத்து நெல்லுக்குப் போகிறது. யூரியா தருவதும் நைட்ரஜன்தான்; ஆனால் மண்ணுக்கு வேண்டிய மக்கை யூரியாவால் தர முடியாது. நெல் வயலுக்குப் பசுந்தழை எக்டேருக்கு 6.25 டன், அதாவது ஏக்கருக்கு இரண்டரை டன் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அவ்வளவையும் கரையில் வெட்டிச் சேர்க்க இன்று ஆளும் இல்லை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கரையை ஒட்டிய வெற்றிடமும் முன்போல் இல்லை. மிச்சமிருக்கும் கரைகளில் களைக்கொல்லி அடிப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

மருந்தாகக் கொழிஞ்சி வேரைக் கல்லீரல், மண்ணீரல் கோளாறுகளுக்குக் கொடுப்பது சித்த, ஆயுர்வேத மரபு. எலிகளிடம் நடந்த சோதனைகளில் கல்லீரலுக்குப் பாதுகாப்பு தெரிந்திருக்கிறது. அதை நம்பி வீட்டில் கஷாயம் வைத்துக் குடிக்கக் கூடாது. மாடே ஒதுக்கும் செடி. மருத்துவர் அளந்து கொடுத்தால்தான் மருந்து.

தழையுரத்துக்குக் கரையை நம்ப முடியாத இன்று வழி, வயலிலேயே விதைப்பதுதான். சம்பா ஒருபோகம் மட்டும் எடுக்கும் நிலம், ஏரி வற்றிய பின் மாதக்கணக்கில் சும்மா கிடக்கிறது. தழையுரப் பயிரான தக்கைப்பூண்டுபோலக் கொழிஞ்சி வேகமாக வளராது. ஆனால் வறட்சியைத் தாங்கும், வேலியில்லாத வயலில் ஊர் மாடு நுழைந்தாலும் தப்பிக்கும். எக்டேருக்கு 15 முதல் 20 கிலோ விதை வேண்டும். தோல் கெட்டியானது, அப்படியே தூவினால் முளைப்பது குறைவு. மணலோடு சேர்த்துத் தேய்க்க வேண்டும், அல்லது கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுக்க வேண்டும். மார்ச், ஏப்ரலில் விதைத்துச் சம்பா நடவுக்கு முன் மடக்கி உழலாம். காய் முற்றி விதை சிந்தவிட்டால் இரண்டு மூன்று பருவத்தில் தானாகவே முளைத்து வரத் தொடங்கும்.