கிணற்றின் அடியிலுள்ள பாறை

உருத்திரபுரத்து நெல்வயல்களுக்கு இரணைமடுக் குளத்து நீர் பாய்கின்றது. வாய்க்கால் நீர் ஏறாத மேட்டுக்காணிகளில் மிளகாய், கத்தரி, வெண்டி செய்வோரோ கிணற்றையே நம்பவேண்டியவராவர். கிணற்று நீரின் அளவும் சுவையும் கீழுள்ள பாறையைப் பொறுத்தவை. ஆதலாற் பாறைகளின் வகையை அறிதல் கமக்காரருக்கு வேண்டாத படிப்பன்று.

தோன்றிய முறையாற் பாறைகள் மூவகைப்படும். பூமியின் உள்ளிருக்கும் கற்குழம்பு ஆறி இறுகுவதால் உண்டாவது தீப்பாறை. இந்தியாவின் தக்கணப் பீடபூமியில் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பரவிய எரிமலைக் குழம்பு இவ்வாறு இறுகி, பின்னர் உக்கி, பருத்தி விளையும் கரிசல் மண்ணாயிற்று. இலங்கையில் அத்தகைய பரந்த எரிமலை நிலம் இல்லையாதலின் அதனை இவ்வளவில் விடலாம்.

முன்னிருந்த பாறைகள் நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாற்றமடைந்து உண்டானவை உருமாறிய பாறைகள். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் இவற்றின்மீதே அமைந்துள்ளது. வன்னியிற் கருங்கல்லென வழங்கும், வரிவரியான பட்டைகளையுடைய நைசு இவ்வினத்தது. அதன் வயது 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாகும். இக்கல்லின் உள்ளே நீர் ஊறாது. மேலே உக்கிய படையிலும் வெடிப்புகளிலுமே தங்கும். வெடிப்பு அகப்படாத இடத்தில் எத்தனை அடி உடைப்பினும் பணமே செலவாகும்.

மணல், சேறு, கடலுயிர்களின் ஓடுகள் ஆகியன நீரின் அடியிற் படைபடையாகப் படிந்து இறுகியவை அடையற்பாறைகள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல், 2.3 கோடி முதல் 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மயோசீன் காலத்தில், ஆழமற்ற கடலில் உண்டாயிற்று. இது வடமேற்குக் கரையோரமாகப் புத்தளம் வரை செல்கின்றது. இதற்கும் நைசுக்கும் இடையிலான எல்லை கிளிநொச்சி மாவட்டத்தினூடே அமைந்துள்ளது. ஆகவே அயற்கிராமத்துக் கிணற்றைக்கொண்டு தம் கிணற்றை மதித்தல் பொருந்தாது.

சுண்ணாம்புக்கல்லை மழைநீர் கரைத்துப் பொந்துகளை உண்டாக்குவதால் அங்கு நீர் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் கடலையும் கடனீரேரியையும் அடுத்த இடங்களில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்பதேயாம். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நிற்பின், கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும். பம்பி வைத்து ஓயாது இறைத்து மேலே 1 அடி குறைந்தால், கீழே உவர் 40 அடி ஏறுதற்கு இடமுண்டு. மிளகாய் இலையின் ஓரம் கருகுமாயின் இவ்வுவரையும் ஐயுறல் வேண்டும்.

கிணறு வெட்டுகையில் வெளிப்படும் கல்லை இடித்துப் பொடியாக்கி, அதன்மேல் தேசிக்காய்ச் சாறு சில துளி விடுக. நுரைத்துப் பொங்கினாற் சுண்ணாம்புக்கல். பொங்காது, பட்டைகளும் மின்னும் மைக்காத் துகள்களும் தெரியின் நைசு. முன்னதாயின் கிணற்றை மேலும் ஆழமாக்காது, காலையும் மாலையும் சிறிது சிறிதாக இறைத்து ஊறவிடுதல் நன்று. நைசாயின், பாறையை உடைப்பதிலும், நீர் ஊறும் உக்கிய படையிற் கிணற்றை அகலமாக்குதலே பயன் தரும்.