பள்ளிச் சம்பளத்தைக் கட்டியவர் யார்?

தனியார் நடத்தும் பள்ளி ஒன்று, செலவுகள் ஏறிவரும் காலத்தில் கட்டணத்தை எளியோர்க்கு எட்டும் அளவில் எவ்வாறு வைத்திருக்க இயலும்? பொருளியல் அறிஞர்கள் ஆராய வேண்டிய வினாவாக இது தோன்றலாம். எனினும், விடையின் ஒரு பகுதி நம் மொழி வழக்கிலேயே பதிந்து கிடக்கிறது. சம்பளம், மகமை, பிடியரிசி என்னும் மூன்று சொற்களைத் துணைக்கொண்டு, சிங்கப்பூர்த் தமிழ்ப் பள்ளிகளின் வரலாற்றை இங்கே நோக்குவோம்.

சம்பளம்

இன்றைய மாணவர்க்குச் சம்பளம் என்பது உழைப்பவர் பெறும் ஊதியம் மட்டுமே. முந்தைய தலைமுறையினரோ பள்ளிக்குச் செலுத்தும் கட்டணத்தையும் அச்சொல்லாலேயே சுட்டினர். ‘பள்ளிக்கூடச் சம்பளம் கட்டினேன்’, ‘அரைச் சம்பளத்தில் படித்தேன்’ என்பன மூத்தோர் வழக்கு. கொடுப்பதற்கும் பெறுவதற்கும் ஒரே சொல் பொருந்தியதில் வியப்பில்லை. திண்ணைப் பள்ளியில் பெற்றோர் தந்த காசும் தானியமுமே ஆசிரியரின் வருவாய். மாணவர் கட்டிய சம்பளமே ஆசிரியர் பெற்ற சம்பளம்.

இன்றும் பள்ளிச் செலவில் பெரும்பங்கு ஆசிரியர் ஊதியமே. அதற்கு அடுத்த நிலையில் கட்டடமும் வாடகையும் நிற்கின்றன. ஆகவே, கட்டணத்தைக் குறைப்போம் என்று ஒருவர் கூறும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: மிச்சத்தைக் கட்டுபவர் யார்? ஆசிரியர் குறைந்த ஊதியத்தில் உழைத்தால், அவரே கட்டுகிறார். பழைய தமிழ்ப் பள்ளிகள் பலவற்றில் நிகழ்ந்தது இதுதான். நன்கொடையாளர் பட்டியலில் இடம்பெறாத நன்கொடை அது. ஆனால், நல்லாசிரியரை நெடுங்காலம் தக்கவைக்க அவ்வழி உதவுவதில்லை.

மகமையும் பிடியரிசியும்

ஆசிரியரையும் பெற்றோரையும் வருத்தாத வழியொன்றைத் தமிழ் வணிகர்கள் முன்பே அறிந்திருந்தனர். விற்பனையில் ஒரு சிறு பகுதியைப் பொதுப்பணிக்கென ஒதுக்குவது மகமை. வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துப் பொதுவில் சேர்ப்பது பிடியரிசி. காமராசர் பயின்ற விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை இத்தகைய பிடியரிசியால் வளர்ந்த பள்ளி. கொடுப்பவர்க்குச் சுமை தெரியாத அளவு, பலரிடமிருந்து, இடைவிடாமல் திரட்டுதல் என்பதே இதன் நுட்பம். ஒரு செல்வர் ஒருமுறை அளிக்கும் பெருந்தொகை கட்டடத்தை எழுப்ப உதவும். மாதந்தோறும் ஊதியம் வழங்கப் பிடியரிசியே ஏற்றது.

சிங்கப்பூரில்

இந்த மனப்பாங்கோடுதான் நம்மவர் இத்தீவிலும் பள்ளிகளை நிறுவினர். லிட்டில் இந்தியாவின் நாரிஸ் சாலையில் ராமகிருஷ்ண மிஷன், சிறுவர்க்கு விவேகானந்தர் பெயரிலும் சிறுமியர்க்குச் சாரதாமணி தேவியார் பெயரிலும் தமிழ்ப் பள்ளிகளை நடத்தியது. போர் முடிந்த மறு ஆண்டாகிய 1946இல், சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தோற்றுவித்தது. அச்சமூகத்தினருள் பலர் தொழிலாளர், சிறு வணிகர். அப்பள்ளி 1960இல் உயர்நிலைக் கல்வியையும் வழங்கத் தொடங்கியது.

இதற்கிடையே, நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டுமென 1956ஆம் ஆண்டின் அனைத்துக்கட்சிக் குழு பரிந்துரைத்தது. அரசின் உதவித்தொகை பெருகவே, சமூகம் தனித்துச் சுமந்த பாரம் குறைந்தது. அப்படியிருந்தும் தமிழ்ப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எஞ்சி நின்ற உமறுப் புலவர் பள்ளியும் 1982இல் மூடப்பட்டது. பணம் கிடைத்தது, மாணவர் கிடைக்கவில்லை. வேலைவாய்ப்பைக் கருதிய பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளில் சேர்த்தனர்.

ஒரு கணக்கு

மாணவர் எண்ணிக்கைக்கும் கட்டணத்துக்கும் உள்ள தொடர்பை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு வகுப்பை நடத்த மாதம் 3,000 வெள்ளி ஆகிறது எனக் கொள்வோம். 30 மாணவர் இருப்பின் ஒருவர்க்கு 100 வெள்ளி. 20 பேராயின் 150. 10 பேராயின் 300. ஆசிரியர் ஊதியமும் வாடகையும் சிறிதும் ஏறாதபோதும், இருக்கைகள் காலியானதாலேயே செலவு மும்மடங்காகிறது. கட்டணத்தை ஏற்றினால் இன்னும் சிலர் விலகுவர். எஞ்சியோர் சுமை மேலும் கூடும். சிறு பள்ளிகள் பலவற்றை வீழ்த்தும் சுழல் இது.

இச்சுழலில் சிக்காதிருக்க இன்று இங்கே இரு வழிகள் கையாளப்படுகின்றன. முதலாவது, கட்டடத்தைப் பகிர்தல். இந்தி, பஞ்சாபி, வங்காளம், குஜராத்தி, உருது ஆகிய மொழிகளைக் கற்பிக்கும் சமூக அமைப்புகள், வார இறுதியில் அரசுப் பள்ளிகளின் வகுப்பறைகளைப் பயன்படுத்துகின்றன. தனிக் கட்டடம் எழுப்பும் செலவு இதனால் மிஞ்சுகிறது.

இரண்டாவது, பிடியரிசியின் புதுவடிவம். 1991இல் தொடங்கப்பெற்ற சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமாகிய சிண்டா, இந்திய ஊழியர்களின் மாதச் சம்பளத்திலிருந்து மத்திய சேமநிதி வழியாகச் சிறு தொகையைப் பெறுகிறது. 2015ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த விகிதப்படி, வருமானத்துக்கேற்ப அது 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை அமையும். விரும்பாதோர் விலகிக்கொள்ளலாம். இவ்வாறு திரளும் நிதியே துணைப்பாட வகுப்புகளின் கட்டணத்தைத் தாழ்வாக வைத்திருக்க உதவுகிறது. ஒருவர் பெறும் சம்பளத்தின் துளி, இன்னொருவர் பிள்ளையின் பள்ளிச் சம்பளத்துக்குத் துணையாகிறது. பிரிந்துபோன இரு பொருள்களும் இங்கே மீண்டும் சந்திக்கின்றன எனலாம்.

நமக்குரிய பாடம்

லிட்டில் இந்தியாவை அடுத்த பீட்டி சாலையில், 1ஆம் எண் கட்டடத்தில் சிண்டாவும் 2ஆம் எண் கட்டடத்தில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையமும் இயங்குகின்றன. மூடப்பட்ட பள்ளியின் பெயர் இன்று அரசு நடத்தும் நிலையத்தில் வாழ்கிறது. ஒன்று பணம் திரட்டும் முறைக்குச் சான்று. மற்றொன்று, பணம் மட்டும் போதாது என்பதற்குச் சான்று.

ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் கூற விரும்புவது இதுவே. தமிழ் வகுப்பு குறைந்த செலவில் நடக்க வேண்டுமாயின், முதல் தேவை நிரம்பிய வகுப்பறை. உயர்நிலையிலும் அதற்கு அப்பாலும் தமிழைத் தொடர்ந்து எடுக்கும் ஒவ்வொரு மாணவரும், தம் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவரின் செலவைக் குறைக்கிறார். அவரை அங்கே தொடர்ந்து இருக்கச் செய்யும் ஆசிரியரின் கற்பித்தல் திறனோ எந்த நிதியாலும் ஈடுசெய்ய முடியாதது. பணத்தைத் திரட்டும் கலையை நம் முன்னோர் காட்டிச் சென்றனர்; இருக்கைகளை நிரப்பும் பணி நம்முடையது.