வீட்டுச் செலவுக்கு எண்ணெய் தெரிந்தெடுத்தல்

மணிலாக்கொட்டை பயிரிடும் குடியானவர் பலர், பருத்த காய்களைக் கமிட்டிக்கு அனுப்பிவிட்டு, சூம்பலும் சொத்தையுமாய் மிஞ்சியவற்றை வீட்டுச் செலவுக்கென்று செக்குக்குக் கொடுப்பது வழக்கம். பணத்தை உத்தேசித்தால் இது சிக்கனம்போலத் தோன்றும். தேகசுகத்தை உத்தேசித்தால் இதைவிடத் தவறான ஏற்பாடு வேறில்லை.

காய் முற்றும் தருணத்தில் மண் வறண்டாலும், பிடுங்கிய காய்கள் மழையில் நனைந்தாலும், ஈரத்தோடு மூட்டை கட்டினாலும் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூசணம் பற்றுகிறது. உடைந்த காயிலும் புழு துளைத்த காயிலும் அது எளிதில் நுழையும். இப்பூசணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்ஸின் என்ற விஷம் ஈரலைக் கெடுத்து, நாளடைவில் அதில் புற்றுநோயையும் விளைவிக்கக் கூடியது. 1960-ம் வருஷம் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, அவற்றின் தீவனத்திலிருந்த மணிலாப் பிண்ணாக்கை ஆராய்ந்ததன் பயனாகவே இவ்விஷம் வெளிப்பட்டது. சமையல் சூட்டில் இது அழிவதில்லை. செக்கில் ஆட்டும்போது பெரும்பகுதி பிண்ணாக்கிலும், ஒரு பகுதி எண்ணெயிலும் தங்குகிறது. ஆலைகளில் காரமிட்டுச் சுத்திகரிக்கும் எண்ணெயில் இவ்விஷம் அநேகமாக நீங்கிவிடும். செக்கெண்ணெய்க்கு அந்தச் சுத்திகரிப்பு கிடையாது. பிண்ணாக்கைத் தின்ற கறவைப் பசுவின் பாலிலும் விஷத்தின் ஒரு கூறு இறங்குவதால், கேடு குழந்தைகளின் பால் கிண்ணம்வரை எட்டுகிறது.

இதற்காகச் செக்கெண்ணெயைக் கைவிட வேண்டுவதில்லை. காய்களின் ஈரம் நூற்றுக்கு 8 பங்குக்கு மேற்படாதவாறு காயவைத்தல் வேண்டும். காயைக் காதருகே ஆட்டினால் பருப்பு கலகலக்க வேண்டும். பருப்பைத் தேய்த்தால் தோல் எளிதில் உரிய வேண்டும். பின்னர்ப் பருப்பைப் பரப்பி, நிறம் மாறியதையும் சுருங்கியதையும் கையால் பொறுக்கி நீக்கிவிடுதல் அவசியம். அரை நாள் வேலைதான். நீக்கியவற்றை மாட்டுக்கும் கோழிக்கும் போடலாகாது.

மற்ற எண்ணெய்களைப் பற்றியும் சிறிது கூறுவது பொருந்தும். தேங்காயெண்ணெயில் நூற்றுக்குச் சுமார் 90 பங்கு நிறைவுற்ற கொழுப்பு. மணிலா எண்ணெயில் சுமார் 20 பங்கு, நல்லெண்ணெயில் சுமார் 15 பங்கு. இக்கொழுப்பு மிகுந்தால் இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும். ஆகவே அன்றாடச் சமையலுக்கு மணிலா எண்ணெயும் நல்லெண்ணெயும் மாறிமாறி வருவது நலம். தேங்காயெண்ணெய் மணத்துக்குச் சிறிது போதும். எதுவாயினும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். செக்கில் ஆட்டியதென்பதற்காகத் தாராளமாக ஊற்றுவது பேதைமை. வனஸ்பதியில் ‘டிரான்ஸ்’ கொழுப்பு இருதயத்துக்குப் பெருங்கேடு செய்வதால், 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் அது நூற்றுக்கு 2 பங்குக்கு மேற்படலாகாதென்று இந்தியாவில் விதி செய்திருக்கிறார்கள். பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுவதும் கெடுதியே.

நல்லெண்ணெய் தன்னிலுள்ள இயற்கைப் பொருள்களால் எளிதில் காறுவதில்லை. மணிலா எண்ணெய் அவ்வளவு தாங்காது. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் எந்த எண்ணெயும் சீக்கிரம் காறிவிடும். பீங்கான் ஜாடியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ வாய்வரை நிரப்பி, வெளிச்சம் படாத இடத்தில் வைத்து, இரண்டொரு மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது ஆட்டிக்கொள்ளலாம்.