மருத்துவ உடல்நல உளவியல் உயர்கல்வி

மருத்துவ உடல்நல உளவியல் என்பது உடல் நோய்களின் தோற்றம், போக்கு, சிகிச்சை ஆகியவற்றில் மனித எண்ணங்களும் உணர்ச்சிகளும் நடத்தைகளும் வகிக்கும் பங்கை ஆராய்ந்து, அவ்வறிவை நோயாளிகளின் நலனுக்குப் பயன்படுத்தும் உளவியல் பிரிவாகும். நீரிழிவு நோயாளி மருந்தை இடையில் நிறுத்திவிடுவது, புற்றுநோய் கண்டறியப்பட்டபின் ஏற்படும் மனச்சோர்வு, புகையிலையைக் கைவிட இயலாமை, நாட்பட்ட வலி ஆகியன இத்துறை ஆராயும் சிக்கல்களுக்கு எடுத்துக்காட்டுகளாகும். இதன் உயர்கல்வியில் ஆசிரியர்களின் ஆய்வு ஆர்வங்கள் முதன்மையான இடத்தைப் பெறுகின்றன. ஒரு மாணவர் எந்த நோயை, எந்த மக்களிடையே, எந்தக் கருவியைக் கொண்டு ஆராய்வார் என்பது பெரும்பாலும் அவரது நெறியாளரின் ஆய்வுத்துறையைப் பொறுத்தே அமைகின்றது.

வரலாறு

1949 இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் நடைபெற்ற மாநாடு, மருத்துவ உளவியலாளர் சிகிச்சையாளராகவும் ஆய்வாளராகவும் பயிற்சி பெறவேண்டும் என்ற கொள்கையை வகுத்தது. பட்டப்படிப்பில் ஆய்வேடு இன்றியமையாததாக இருப்பதற்கு இக்கொள்கை ஒரு முக்கிய காரணமாகும். 1977 இல் ஜார்ஜ் எங்கெல் என்ற மருத்துவர், நோயை உடல், உளம், சமூகம் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒன்றாக நோக்கும் கோட்பாட்டை முன்வைத்தார். 1978 இல் அமெரிக்க உளவியல் கழகத்தில் உடல்நல உளவியலுக்கெனத் தனிப் பிரிவு தோன்றியது.

இந்தியாவில் முதல் உளவியல் துறை கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916 இல் தொடங்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. டி. போவாஸ் தலைமையில் 1943 இல் உளவியல் துறை அமைந்தது. 1954 இல் பெங்களூரில் நிறுவப்பட்ட அகில இந்திய மனநல நிறுவனத்தில் மருத்துவ உளவியலுக்கான பயிற்சி அடுத்த ஆண்டு தொடங்கியது. அந்நிறுவனமே 1974 இல் மைசூர் அரசு மனநல மருத்துவமனையுடன் இணைக்கப்பட்டு, நிம்ஹான்ஸ் என அழைக்கப்படலாயிற்று.

இந்தியாவில் பயிற்சி

இந்தியாவில் உடல் நோயாளிகளிடையே பணிபுரியும் உளவியலாளர்கள் பெரும்பாலும் மருத்துவ உளவியல் பயிற்சியின் வழியாகவே உருவாகின்றனர். இப்பயிற்சியை 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றம் ஒழுங்குபடுத்தி வந்துள்ளது. உளவியலில் முதுகலைப் பட்டமும், அதன்பின் மேற்பார்வையுடன் கூடிய ஈராண்டு முழுநேர மருத்துவமனைப் பயிற்சி அடங்கிய ஆய்வியல் நிறைஞர் பட்டமும் பெற்றவரை 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளராக ஏற்கின்றது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை நிறுத்தின. எனினும் மருத்துவ உளவியல், மனநலச் சமூகப்பணி ஆகிய இரண்டிற்கும் 2025-26 கல்வியாண்டு வரை மாணவர் சேர்க்கை அனுமதிக்கப்பட்டது.

நெறியாளரின் ஆய்வுத்துறை

நெறியாளரின் ஆய்வுத்துறை மூன்று வகைகளில் மாணவரின் ஆய்வைத் தீர்மானிக்கின்றது.

* நோயாளிகளை அணுகுதல்: மருத்துவமனையின் அனுமதியும் அறநெறிக் குழுவின் ஒப்புதலும் இன்றி நோயாளிகளிடம் ஆய்வு நடத்த இயலாது. நெறியாளர் எச்சிகிச்சைப் பிரிவுடன் இணைந்து பணிபுரிகின்றாரோ, அப்பிரிவு மாணவருக்கு எளிதில் கிட்டுகின்றது.
* அளவைக் கருவிகள்: ஆங்கில வினாத்தாளை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. 'மனம் சரியில்லை', 'நெஞ்சு அடைக்கின்றது' என்று கூறுபவரின் மனச்சோர்வை அவ்வினாக்கள் சரியாக அளக்கின்றனவா எனச் சோதிக்கவேண்டும். இப்பணி முன்னரே நிறைவடைந்த துறையில் மாணவரின் காலம் மிச்சமாகும்.
* காலம்: நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வை ஈராண்டில் முடிக்க இயலாது. நடைபெற்றுவரும் ஆய்வில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வதே மாணவருக்கு இயலும் வழி.

தமிழ்நாட்டில் முக்கிய ஆய்வுக்களங்கள்

புற்றுநோய்: அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் உளவியல் சார்ந்த புற்றுநோய்த் துறை இயங்குகின்றது. 2002 இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவுடன் இந்தியாவில் தொடங்கப்பட்ட புகையிலை நிறுத்த மையங்களுள் ஒன்று இங்கு அமைந்தது.

நீரிழிவு: சென்னை நீரிழிவு ஆய்வாளர்கள் 12 வினாக்கள் கொண்ட மனச்சோர்வு வினாத்தாள் ஒன்றை முதலில் சரிபார்த்தனர். பின்னர் அதனைக் கொண்டு சென்னையில் 25,455 பேரிடம் நடத்திய ஆய்வை 2009 இல் வெளியிட்டனர். அவர்களுள் 15.1 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு காணப்பட்டது. இந்தியாவின் நான்கு நகர்ப்புற மருத்துவ மையங்களில் நீரிழிவும் மனச்சோர்வும் உடைய 404 பேரிடம் நடத்தப்பட்ட மற்றொரு ஆய்வு 2020 இல் வெளிவந்தது. இரண்டிற்கும் சேர்த்துச் சிகிச்சை அளிப்பது வழக்கமான சிகிச்சையினும் கூடுதல் பயன் தந்தது என அது காட்டியது.

தற்கொலைத் தடுப்பு: அரியலூர் மாவட்டத்தை அடுத்துள்ள கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில் வட்டத்தில், பூச்சிக்கொல்லிகளை வீடுகளில் வைக்காமல் பொதுவான பூட்டிய கிடங்கில் வைக்கும் முறை சோதிக்கப்பட்டது. 1986 இல் சென்னையில் சினேகா அமைப்பை நிறுவிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினரின் இவ்வாய்வு 2013 இல் வெளியானது.

பெரம்பலூரும் அரியலூரும்

பெரம்பலூர் மாவட்டம் 1995 இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிக்கப்பட்டது. அதிலிருந்து 2001 இல் பிரிந்த அரியலூர் 2002 இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 இல் தனி மாவட்டமானது. 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூரில் 5,65,223 பேரும் அரியலூரில் 7,54,894 பேரும் வாழ்ந்தனர். 1996 இல் தொடங்கப்பட்ட மாவட்ட மனநலத் திட்டத்திற்குத் தமிழ்நாட்டில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டது திருச்சிராப்பள்ளி ஆகும். பின்னர் இத்திட்டம் ஏனைய மாவட்டங்களுக்கும் விரிவடைந்தது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 இல் திறந்துவைக்கப்பட்டது.

பருத்தி, மக்காச்சோளச் சாகுபடியும், சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும், சிமெண்ட் ஆலைகளும் உள்ள இப்பகுதிக்கு நகர்ப்புற ஆய்வு முடிவுகள் அப்படியே பொருந்தும் எனக் கொள்ள இயலாது. 2021 இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டிற்கே வருகின்றன. ஆயினும் அவற்றை நாள்தோறும் உட்கொள்வது நடத்தை சார்ந்த செயலாகும். களைப்பறிப்புக்கு விடியலிலேயே செல்பவர் மாத்திரையை ஏன் தவறவிடுகின்றார் என்பதை நகர மருத்துவமனையில் இருந்துகொண்டு அறிதல் கடினம். இத்தகைய வினாவை எடுத்துக்கொள்ளும் நெறியாளர் இருந்தால்தான் மாணவரும் அங்கு செல்வார். எனவே ஆசிரியர்களின் ஆய்வு ஆர்வங்கள் கல்லூரிக்கு வெளியே உள்ள நோயாளிகளையும் பாதிக்கும் ஒரு காரணியாகும்.

இவற்றையும் பார்க்க

* உளவியல்
* மனச்சோர்வு
* நீரிழிவு நோய்
* அரியலூர் மாவட்டம்
* பெரம்பலூர் மாவட்டம்