சிலோன் தியேட்டர்ஸ்: படச்சுருளும் பலசரக்கும்

சினிமாக் கம்பனி ஒன்று எதனை விற்கின்றது? படத்தையே என்று எவரும் சொல்லிவிடுவர். இலங்கையின் பழைய சினிமாக் கம்பனிகளுள் ஒன்றாகிய சிலோன் தியேட்டர்ஸின் வரலாற்றை நோக்குமிடத்து, இவ்விடை காலந்தோறும் மாறிவந்துள்ளமை புலனாகும்.

அக்கம்பனியை 1928ஆம் ஆண்டில் நிறுவியவர் சிற்றம்பலம் ஏபிரகாம் கார்டினர் என்னும் தமிழர். அக்காலத்தில் இந்தியாவிலும் பர்மாவிலும் இலங்கையிலும் கல்கத்தாவின் மதன் கம்பனியே படவாணிபத்தில் ஓங்கிநின்றது. கார்டினர் வகுத்த வழி எளியது. படமாளிகையும் தமது, அதில் ஓடும் படத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் உரிமையும் தமது. இரண்டும் ஒருவர் கையிற் சேர்ந்தால், தனியே கொட்டகை வைத்திருப்பவர் படத்திற்காக அவரையே நாடவேண்டும். கொழும்பில் ஓடி முடிந்த சுருள்கள் பிற ஊர்களுக்குப் புறப்படும். யாழ்ப்பாணத்து இரசிகன் எப்படத்தை எப்போது காண்பான் என்பது பெரும்பாலும் கொழும்பிலே தீர்மானமாயிற்று.

1947இல் சிங்களப் பேசும்படம் பிறந்தது. எஸ். எம். நாயகம் முதற்படத்தை வெளியிட்ட அவ்வாண்டிலேயே, கார்டினர் ‘அசோகமாலா’வைக் கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் தயாரித்தளித்தார். பின்னர் கொழும்பிலேயே ஸ்டூடியோவும் அமைந்தது. தமிழர் நிறுவிய கம்பனி தமிழ்ப் படம் எடுக்காமல் சிங்களப் படம் எடுத்தது ஏன்? தமிழ்ப் படங்கள் சென்னையிலிருந்து ஆயத்தமாக வந்துகொண்டிருந்தன. அவற்றை இறக்குவதே இலாபம். சிங்களப் படத்துக்கோ கடல்கடந்த போட்டியாளர் இல்லை. வாணிகக் கணக்கில் இதிற் பிழை காண்பதற்கில்லை. ஆயினும் ஈழத்துத் தமிழ்ச் சினிமா ‘சமுதாயம்’ வெளிவந்த 1962 வரை காத்திருக்க நேர்ந்தமைக்கு இக்கணக்கும் ஒரு காரணமெனல் தகும்.

1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. இறக்குமதியும் விநியோகமும் அரசின் கைக்கு மாறின. சிலோன் தியேட்டர்ஸ், குணரத்தினத்தின் சினிமாஸ் லிமிட்டெட், சிலோன் என்ரர்ரெயின்மன்ற்ஸ் என்னும் மூன்று கம்பனிகளின் ஆட்சி அத்துடன் முடிந்தது. உரிமை போயிற்று; நிலம் எஞ்சியது. படமாளிகைகளோ நகரங்களின் நடுவே, சனங்கூடும் சந்திகளில் நின்றவை. கம்பனி இனித் தன் செல்வம் அங்கேதான் என்று கண்டுகொண்டது. 1980களின் தொடக்கத்தில், 1844இலிருந்து நடைபெற்றுவந்த கார்கில்ஸ் வணிக நிறுவனத்தைத் தன்வசமாக்கிற்று. பம்பலப்பிட்டியில் மஜெஸ்ரிக் படமாளிகை நின்ற இடத்தில் மஜெஸ்ரிக் சிற்றி என்னும் கடைத்தொகுதி எழுந்தது. பின்னர் கம்பனியின் பெயரும் சி. ரி. ஹோல்டிங்ஸ் ஆயிற்று; ‘தியேட்டர்ஸ்’ என்பது ஓரெழுத்தாகச் சுருங்கிவிட்டது.

யாழ்ப்பாணத்தின் கதை வேறு. கோட்டைக்கு அண்மையில் ஆங்கிலப் படங்களுக்குப் பெயர்பெற்ற றீகல், மக்கள் நெருக்கியடித்த றாணி, வின்சர் எனப் பல மாளிகைகள் இங்கு இருந்தன. இங்கே படமாளிகையை ஒடுக்கியது கடைத்தொகுதியன்று, போர். 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பின்னர் சனங்கள் மின்பிறப்பாக்கியின் இரைச்சலுக்கு நடுவே, வீட்டு முற்றங்களில் வீடியோவிற் படம் பார்த்தனர்.

போர் முடிந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2013இல், யாழ்ப்பாண நகரில் கார்கில்ஸ் சதுக்கம் திறக்கப்பெற்றது. அரிசியும் பருப்பும் பாற்பொருளும் விற்கும் அக்கட்டடத்திலேயே குளிரூட்டிய திரையரங்குகளும் அமைந்தன. அங்கே படம் பார்க்கச் செல்வோர் கடைகளைக் கடந்தே செல்கின்றனர்.